ரோஜா வரக் கூடாத வீடு

செப்டம்பர் 14, சிலுவைத் திருநாள்

பூசைக்குப் போகவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திண்டுக்கல் திரும்பவே இருட்டிவிட்டது. புற்றுக்கு ரேடியேஷன் கரண்ட் வைத்த பிறகு இவருக்கு வாய் ஆறிக்கொண்டு வருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, இடது தாடை எலும்பில் மறுபடி வந்திருக்கிறதாம். தாடையில் பாதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம் என்கிறார் டாக்டர். அதன் பிறகு ஒரு வருடமாவது டியூப், டிரெஸ்ஸிங், ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டும். உத்தரவாதம் கிடையாது. வேண்டாம் என்றால் வலிக்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் அடுத்த மாத முதல் வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கத்தி வைக்க முடியாது.

டாக்டர் சொல்லி முடித்ததும் இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கவுரை வேண்டுமா? வேண்டாம் என்கிறார். சரிதான்.

சூரத்தில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன். நீங்க என்ன முடிவெடுத்தாலும் சரிதாம்மா என்றான். நல்ல பிள்ளை. சுமையை இறக்கி வைப்பதில் அப்பனை மிஞ்சிவிடுவான்.

இந்த டைரியும் அவன் கம்பெனியில் கொடுத்ததுதான். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை காலியாகவே கிடந்தது. இப்போது பேச ஆளில்லாததால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 16

இன்று செய்தவை: போர்வை இரண்டு அலசினேன். கஞ்சி காய்ச்சி இரண்டு தடவை வடிகட்டினேன். பாதி உள்ளே, பாதி துண்டில். வாய் கழுவ ரோஜாத் தண்ணீர் போட்டேன். தைக்க வந்த ஜாக்கெட் துணிகள் மெஷின் மேல் மலையாகக் கிடக்கின்றன. இனி யாரும் கொடுக்காமலிருந்தால் நல்லது.

ரோஜாத் தண்ணீர் ஒன்றுதான் இவருக்கு எரியாமல் வாயில் நிற்கிறது. கிணற்றடியில் நிற்கும் பன்னீர் ரோஜாச் செடியின் இதழ்களை நிழலில் உலர்த்தி, கொதித்த தண்ணீரில் போட்டு மூடி, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்புப் போட வேண்டும். டிரெஸ்ஸிங் செய்ய வருகிற நர்ஸ் ஜெசிந்தா முகர்ந்து பார்த்துவிட்டு, "நோயக் குணப்படுத்தாதுக்கா. ஆனா கொஞ்ச நேரம் இதமா இருக்கும், நாத்தமும் அடங்கும். தாராளமாக் குடுங்க" என்றாள். வலி மாத்திரையால் மலம் இறுகிப்போகிறது. அதற்குக் குல்கந்தும் அதே செடியிலிருந்துதான். இந்த வீட்டில் என்னைவிட அதிகமாக உழைப்பது அந்தச் செடி ஒன்றுதான்.

இவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், கண்டக்டர் தனிசு என்றால் ரூட்டில் எல்லோருக்கும் தெரியும். பழநி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை என்று கத்திக் கத்தியே குரல் வெண்கலமாகிப் போனவர். இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கட்டில் தலைமாட்டில் அவருடைய பழைய விசிலைக் கட்டிவிட்டிருக்கிறேன். வலது கடைவாயில் வைத்து ஊதுவார். வண்டியில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரட்டை விசில் என்றால் போகலாம். வீட்டில் ஒரு விசில் மட்டும்தான். அது கேட்டதும் போட்டதைப் போட்டபடி போய் நிற்பேன். இரட்டை விசிலுக்கு இங்கே வேலை இல்லை, எந்த வண்டி கிளம்பப்போகிறது?

செப்டம்பர் 19

அமலோற்பவம் மதினி வந்துவிட்டார்கள். இவருடைய அக்கா. தாய் போன பிறகு இவரை வளர்த்தவர்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்து போயும் மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். ஒரு பையில் சேலை. இன்னொரு பையில் குழந்தை தெரேசம்மாள் படம், மெழுகுதிரிக் கட்டு, மூன்று செபமாலை.

முப்பது வருடம் கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்கள். வந்த வேகத்தில் என்னையும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 21

இன்று பேச்சு முற்றியது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள் மதினி. இவருக்கு இஷ்டமில்லை என்றேன். அவனக் கேட்டியா என்றார்கள். கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும் என்றேன். மதினி தம்பி முகத்தைப் பார்த்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, இன்றைக்கா பேசப்போகிறார்.

கடைசியில் மதினி ஒரு வழி சொன்னார்கள். நாளை குழந்தை தெரேசம்மாள் நவநாள், ஒன்பது நாள் செபம், தொடங்குகிறது. வானகத்திலிருந்து ரோஜா மழை பொழிவேன் என்று வாக்குக் கொடுத்த புனிதை. நவநாள் முடிவதற்குள் இந்த வீட்டுக்கு ஒரு ரோஜா வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் இல்லை.

"நாம கேக்கக் கூடாது, காசு குடுத்து வாங்கக் கூடாது. தானா வரணும். யாராச்சும் கொண்டாந்தாலும் சரி, நம்ம செடியில விரிஞ்சாலும் சரி. வரலேன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன், பிரகாசி. மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிருவேன்."

சரி என்றேன். இவரும் தலையை ஆட்டினார்.

செப்டம்பர் 22

நவநாள் முதல் நாள். காலையில் எழுந்ததும் கிணற்றடிக்குப் போய்ச் செடியில் நிறம் காட்டிய மொட்டுகளை எல்லாம் கிள்ளிக்கொண்டு வந்தேன். வாய் கழுவத்தான். மொட்டில் இதழ் குறைவுதான், இருந்தாலும் மழை வந்தால் பூ கொட்டிப்போகும் அல்லவா.

செப்டம்பர் 23

மழை இல்லை. மொட்டுகள் கிள்ளியாயிற்று. சுளகில் பரப்பி இவர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறேன். அங்கேதான் வெயில் படாது.

செப்டம்பர் 24

பூக்காரி வாசலில் நின்று கூவினாள். தெருமுனைக்கே போய், இந்த வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் கூவாதே, நோயாளி தூங்குகிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் கூடையில் முல்லையும் இருந்தது, ரோஜாவும் இருந்தது. நல்ல மனசுக்காரி. நோயாளி வீடென்று ஒன்றைச் சும்மா நீட்டினாலும் நீட்டுவாள்.

செப்டம்பர் 25

செபமாலை முடிந்ததும் மதினி பாடம் நடத்தினார்கள். செபமாலையில் ஒவ்வொரு அருள் நிறைந்த மரியே செபமும் மாதாவின் முடியில் ஒரு ரோஜா. மகிழ்ச்சி மறைபொருளுக்கு வெள்ளை, துயர மறைபொருளுக்குச் சிவப்பு, மகிமைக்குப் பொன்னிறம். ஆதாம் ஏவாள் பாவம் செய்கிற வரைக்கும் ரோஜாவில் முள்ளே கிடையாதாம். மாதா அந்த முள்ளில்லா ரோஜாவாம்.

"நம்ம வீட்டுச் செடி இளஞ்சிவப்பாச்சே மதினி. அது எந்த மறைபொருளுக்கு?" என்று கேட்டேன்.

அவர்கள் நிஜமாகவே யோசித்தார்கள். "அது சும்மா நாளுக்கு" என்றார்கள்.

இவர் சிரித்தார். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. துடைத்து விட்டேன். இவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. எனக்கும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 26

டிரைவர் சுப்புராம் அண்ணன் வந்தார். இவரோடு ஒரே வண்டியில் பதினைந்து வருடம் ஓடியவர். கேட்டைத் திறக்கும்போதே பார்த்துவிட்டேன், கையில் கண்ணாடித் தாள் சுற்றிய ரோஜாக் கொத்து. மதினி உள்ளே கண்ணயர்ந்திருந்தார்கள். நான் ஈரக் கையோடு ஓடிப்போய் கேட்டிலேயே மறித்தேன். பூ வாசனை பட்டால் இவருக்குக் குமட்டுகிறது அண்ணே என்றேன். அந்த மனிதர் பதறிப்போய், தெரியாமப் போச்சே தங்கச்சி என்று கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

கொத்தை மாட்டுக்காரர் வீட்டுத் தொட்டியில் போட்டேன். மாடு முகர்ந்து பார்த்தது, தின்னவில்லை. மருந்தடித்த பூவாக இருக்கும்.

இவர் கட்டில் பின் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கிருந்து கிணற்றடியும் தெரியும், சந்து வழியாக வாசல் கேட்டும் கொஞ்சம் தெரியும். நான் உள்ளே வந்தபோது இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

செப்டம்பர் 27

மொட்டு கிள்ளினேன். துணி துவைத்தேன். மதினிக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 28

மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விசில் கேட்கவில்லை. ஊத முயன்றாராம், காற்றுதான் வந்ததாம்; உதடு வெடித்ததிலிருந்து பிடிமானம் இல்லை. நான் எழுந்தபோது படுக்கை நனைந்து ஆறிப்போயிருந்தது. காலையில்தான் விரிப்பு மாற்றினேன். வாளியை ஓங்கித் தரையில் வைத்தேன். வாய் ஒன்றும் சொல்லவில்லை, வாளி சொல்லிவிட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அதையும் நான்தான் துடைத்தேன்.

எனக்கு அலுத்துவிட்டது. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை. இன்னும் ஒரு வருடம் என்று நினைத்தாலே கை கால் விட்டுப்போகிறது. என்னை யாராவது ஒரு நாள் படுக்க வைத்து, ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தால் போதும்.

ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்பது அதற்காக இல்லை. அவர் வேதனைப்படக் கூடாது என்றுதான். அவருக்கும் இஷ்டமில்லை. அன்றைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாரே.

செப்டம்பர் 29

மதினி இன்று முழந்தாளிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் தூக்கிவிடப் போனேன். தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"இன்னும் ஒரு நாள்தானத்தா. ஒரு பூக்கூட வரலையே. நான் என்ன பாவம் செஞ்சேனோ, எஞ் செபத்துக்கு இம்புட்டுக்கூட மதிப்பில்லையே."

உங்கள் செபத்தில் குறையில்லை மதினி என்று வாய் வரை வந்தது. சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

பிறகும் போய் மொட்டைக் கிள்ளினேன். விரலில் முள் ஏறிவிட்டது. ஊசி வைத்து எடுத்தும் முனை உள்ளேயே நிற்கிறது.

இவருடைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் காணோம். தேடத் தெம்பில்லை.

செப்டம்பர் 30

இன்று சாயங்காலம் நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

விளக்கு வைத்த நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் கடைசி நாள் செபம். மதினி மன்றாட்டு மாலை சொல்லச் சொல்ல நான் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொன்னேன். மறைபொருளின் ரோசா மலரே என்ற இடம் வந்ததும் மதினியின் குரல் உடைந்தது. அந்த ஒரு வரியை மூன்று தடவை சொன்னார்கள். நானும் மூன்று தடவை பதில் சொன்னேன். செபம் முடிந்தது. மதினி தெரேசம்மாள் படத்தை முத்தி செய்து துணியில் சுற்றத் தொடங்கினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைக்க மெழுகுதிரியில் வடிந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

டங் டங் என்று சத்தம் கேட்டது. இவர்தான். விசிலை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுகிறார்.

இருவரும் திரும்பினோம். இவர் ஒரு கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டார். காணாமல் போன டம்ளரை எடுத்தார். அதில் பாதித் தண்ணீர். தண்ணீரில் ஒரு ரோஜா, முழுக்க விரிந்து, இளஞ்சிவப்பாக. இரண்டு இதழ் விழுந்து தண்ணீரில் மிதந்தது.

அதை நீட்டினார். எனக்கு இல்லை, அவருடைய அக்காவுக்கு.

மதினிக்கு வாங்கக் கை வரவில்லை. இயேசுவே, இயேசுவே என்றுதான் வந்தது. பிறகு, "யாருடா குடுத்தா, தனிசு?" என்று கேட்டார்கள்.

இவர் என்னைக் காட்டினார்.

மதினி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உன்னத் தப்பா நெனச்சிட்டேனேத்தா என்றார்கள். முள் ஏறிய விரல் அவர்கள் கண்ணில் பட்டு வலித்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

சுளகிலிருந்து எடுத்திருக்கிறார். நான் கிள்ளி வந்து அவர் பக்கத்திலேயே வைத்த மொட்டு. குடிக்கக் கொடுத்த தண்ணீரில் போட்டு, சுவரோரம் ஒளித்து, விரிய வைத்திருக்கிறார். சர்வீஸில் இருந்தவரை சொந்த மச்சானைக்கூட டிக்கெட் இல்லாமல் ஏற்றாத மனிதர், என்னிடம் இப்படி ஒரு வேலை செய்துவிட்டார். மதினியின் சட்டப்படி பார்த்தால் இது செல்லாத ரோஜா. அதைச் சொல்ல இந்த வீட்டில் என்னால் மட்டும்தான் முடியும். சொல்லவில்லை.

கொடுத்தவள் என்று என்னைத்தான் காட்டினார். அதில் பொய் இல்லை.

அக்டோபர் 1, குழந்தை தெரேசம்மாள் திருநாள்

மதினி அந்த ரோஜாவை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போனார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

வாய் கழுவிவிட்டேன். ரோஜாத் தண்ணீரைத் துப்பிய பிறகு கொஞ்ச நேரம் எரிச்சல் இருக்காது, அப்போதுதான் பேச வரும். நான் கேட்காமலிருந்தால் இன்றைக்கும் பேசியிருக்க மாட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"டாக்டர் சொன்னப்ப ஒம் மொகத்தப் பாத்தேன். ஓஞ்சு போயி நிக்கிற. இன்னொரு வருசம் எனக்கு இதெல்லாம் செய்யின்னு எந்த வாயால கேக்குறது? அதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

அவர் கிணற்றடியைக் காட்டினார்.

"நீ மொட்டக் கிள்ளுறதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நவநாள் போற வரைக்கும் போகட்டும்னு இருந்தேன். அக்கா அழுதுச்சு. எனக்கும் தாங்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எனக்கு இருக்கணும் போல இருக்கு, பிரகாசி" என்றார்.

உயிரோடு இருக்கணும் போல இருக்கிறது என்று என் புருஷன் என்னிடம் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்கிறார். முகத்தில் அடித்தது போலிருந்தது. அழுதேன். அவர் காதுக்குள் வழிந்த கண்ணீரை நான் துடைத்தது போல, அவர் என் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பாதி வரைதான் வந்தது. மீதிக்கு நான் குனிந்துகொண்டேன்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, ஆனால் நீங்கள் போகக் கூடாது என்று சொன்னேன். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லலாம் என்று இவ்வளவு நாள் தெரியவில்லை. அவர் சரி என்று தலையாட்டினார்.

அக்டோபர் 2

டாக்டருக்குப் போன் போட்டேன். நாளை மறுநாள் வரச் சொன்னார்.

மகனுக்கும் போட்டேன். நீங்க என்ன முடிவெடுத்தாலும் என்று தொடங்கினான். முடிவெடுத்தாகிவிட்டது, நீ லீவு போட்டுவிட்டு வா, ராத்திரி ஆஸ்பத்திரியில் நிற்க ஆள் வேண்டும், என்னால் ஒண்டியாக முடியாது என்றேன். வர்றேம்மா என்றான். ஆறு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

மதினி தாமும் மதுரைக்கு வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை அதிகம். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அக்டோபர் 3

பை கட்டியாயிற்று. உலர்ந்த இதழ்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரைக் கேட்டுத்தான் வாயில் விட வேண்டும் என்று ஜெசிந்தா கண்டிப்பாகச் சொன்னாள். விடக் கூடாது என்றால் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாவது பார்க்கட்டும்.

செடியில் மூன்று மொட்டு. கிள்ளவில்லை. பூக்காரியைப் பார்த்து, இனி எங்கள் வாசலில் கூவலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 4, மதுரை, ஆஸ்பத்திரி வராந்தா

சுப்புராம் அண்ணன்தான் வேன் பிடித்துத் தாமே ஓட்டி வந்தார். இவரைப் பின் சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்தோம், தலை என் மடியில். மதினி முன்னால் செபமாலையோடு. கிளம்புவதற்கு முன் நான் இறங்கிப் போய், அன்றைக்குப் பூ விஷயத்தில் நான் சொன்னது பொய் அண்ணே என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பின்னால் படுத்திருந்தவரைப் பார்த்தார். விடு தங்கச்சி என்றார்.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "கண்டக்டர் ரைட்டு குடுக்காம நான் வண்டி எடுத்துப் பழக்கமில்ல" என்றார்.

இவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். கட்டிலிலிருந்து எப்போது அவிழ்த்தார் என்று தெரியவில்லை. வலது கடைவாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை ஊதினார். அதுவும் காற்று. உதட்டில் ரத்தம் கசிந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விசிலை என் கையில் வைத்தார்.

இத்தனை வருடத்தில் அந்த விசிலில் நான் வாய் வைத்ததில்லை. அவருடைய ஈரமும் கொஞ்சம் ரத்தமும் அதில் இருந்தது, ரோஜாத் தண்ணீர் வாசனையும் இருந்தது. நான் இரண்டு தடவை ஊதினேன். அக்கம்பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்த்தார்கள்.

வண்டி கிளம்பியது.